நாற்பது பேரின் பட்டியல்

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் குளிர் மிகுந்த ஒரு மாலையில், எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பெட்டிகளோடு ஓர் இளைஞர் வந்து நின்றார். வயது 21. ஆறடியைத் தாண்டிய உயரம். டொமினிக்கன் குடியரசில் சான் பெட்ரோ டி மகோரிஸ் என்னும் ஊரைச் சேர்ந்தவர். பேஸ்பால் ஆட்டத்தில் பந்து எறிபவர். அந்தப் பருவம் முழுவதும் அவர் எங்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சிறு நகரத்தில் நாங்கள் வசிக்கிறோம். எங்கள் ஊரில் 'டபுள்-ஏ' நிலையில் ஆடும் மைனர் லீக் அணி ஒன்று உண்டு. மேஜர் லீக்கில் இருப்பவை 30 அணிகள். அவை ஒவ்வொன்றின் கீழும் ஏணிப்படிகள் போலச் சில மைனர் லீக் அணிகள் இயங்குகின்றன. பதினாறு, பதினேழு வயதில் ஒப்பந்தம் செய்யப்படும் பிள்ளைகள் அடிப்படியில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். டபுள்-ஏ என்பது மேலிருந்து இரண்டாவது படி. மேஜர் லீக் வெகு அருகில் தெரியும். ஆனால் ஏறுவோரில் மிகப் பலர் அந்தப் படியோடு நின்றுவிடுவார்கள்.

தொலைக்காட்சியில் காணும் கோடீசுவர ஆட்டக்காரர்களை வைத்து இந்தப் பிள்ளைகளின் வாழ்வை எண்ணிவிடக் கூடாது. 2019-இல் மேஜர் லீக்கின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 5,55,000 டாலர். அதே ஆண்டில் டபுள்-ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஊதியம் வாரத்திற்கு 350 டாலர். அதுவும் ஆட்டம் நடக்கும் மாதங்களுக்கு மட்டுமே. அந்தப் பணத்தில் தனியே அறை எடுத்துத் தங்க இயலாது. எனவே உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையைக் கொடுத்து இவர்களைத் தங்கவைக்கும் வழக்கம் அப்போது இருந்தது. 2022-ஆம் ஆண்டு முதல் அணிகளே தங்குமிடம் தர வேண்டும் என்று ஆகிவிட்டது.

அந்த அறிவிப்பை எங்களிடம் கொண்டுவந்தவன் பதினொரு வயது மகன். நாங்கள் தயங்கினோம். வீட்டில் பதினான்கு வயது மகள் இருக்கிறாள். அறிமுகமில்லாத வாலிபர் ஒருவரை எப்படி உள்ளே அழைப்பது? வீட்டின் கீழ்த்தளத்தில் தனி வாசலோடு ஓர் அறை இருந்தது. அதைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். பன்றி இறைச்சியும் மதுவும் வீட்டிற்குள் வரக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லி அனுப்பினோம். "என் தாயார் இதைக் கேட்டால் நிம்மதியாக உறங்குவார்" என்று பதில் வந்தது.

நாங்கள் அவரைத் 'தம்பி' என்று அழைத்தோம். பிள்ளைகளுக்கு அவர் 'காக்கா' ஆனார். அவரோ எங்களில் ஒருவரை 'மாமி' என்றார், மற்றவரைப் 'பாப்பி' என்றார். ஸ்பானிய மொழியில் 'மாமி' என்றால் அம்மா, 'பாப்பி' என்றால் அப்பா. நம் வீடுகளில் மாமிக்கு வேறு பொருள் என்று மகள் விளக்கியபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

அவ்வாண்டு ரமளான் மே 6-ஆம் தேதி தொடங்கியது. உள்ளூரில் ஆட்டம் இருக்கும் நாட்களில் அவர் வீடு திரும்ப இரவு பதினொரு மணியாகும். நாங்கள் தராவீஹ் முடிந்து வருவதும் ஏறக்குறைய அதே நேரம். நோன்புக் கஞ்சியில் மிச்சம் இருந்தால் அதைச் சூடாக்கி அவருக்குக் கொடுப்போம். சில இரவுகளில், எறிந்த தோளுக்கு ஐஸ் கட்டியபடி உறக்கம் வராமல் விழித்திருப்பார். சஹர் நேரத்தில் சமையலறை விளக்கு எரிவதைக் கண்டு மேலே வந்து எங்களோடு அமர்வார். அதிகாலை மூன்றரை மணிக்கு உலகம் உறங்கும்போது ஒன்றாக அமர்ந்து உண்பவர்கள் நெடுநாள் அந்நியராக இருக்க முடியாது.

அவருடைய வேகப்பந்து மணிக்கு 95 மைல், அதாவது ஏறத்தாழ 153 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஆனால் அது எங்கே செல்லும் என்பது அவருக்கே சில நாட்களில் தெரியாது. எல்லைக்கு வெளியே நான்கு பந்துகள் போனால் எதிரணி ஆட்டக்காரர் அடிக்காமலே முதல் தளத்திற்கு நடந்து போய்விடுவார். தம்பி அப்படி நடக்கவிட்டவர்கள் ஏராளம். நல்ல நாளில் அவரை யாராலும் தொட முடியாது. கெட்ட நாளில் அவரே தம்மைத் தோற்கடித்துக்கொள்வார்.

ஆகஸ்ட் மாதம் ஓர் ஆட்டத்தின்போது, எங்களுக்கு அடுத்த இருக்கையில் வழக்கமாக அமரும் ஒரு பெரியவர் "உங்கள் பையனுக்கு இது முக்கியமான நவம்பர்" என்றார். ஒவ்வொரு பந்தையும் குறிப்பேட்டில் பென்சிலால் பதிந்துகொள்ளும் பழக்கம் உடையவர் அவர். நவம்பரில்தான் ஆட்டமே இல்லையே என்று நாங்கள் கேட்டோம். அன்றுதான் எங்களுக்கு 'ரூல் ஃபைவ்' என்னும் ஐந்தாம் விதி அறிமுகமாயிற்று.

அதன் சாரம் இதுதான். ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் 40 பேர் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. அன்றாடம் களமிறங்கும் 25 பேர் அதற்குள் அடக்கம். 2020 முதல் அந்த எண்ணிக்கை 26 ஆயிற்று. மீதமுள்ளோர் மைனர் லீக்கில் ஆடினாலும், பட்டியலில் பெயர் இருப்பதால் வேறு எந்த அணியும் அவர்களைத் தொட முடியாது. பட்டியலுக்கு வெளியே இருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு காலவரை உண்டு. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவர்களுக்கு ஐந்து பருவங்கள். 19 வயதிலோ அதற்குப் பின்போ ஒப்பந்தமானவர்களுக்கு நான்கு. அந்தக் கெடு முடியும் ஆண்டின் நவம்பரில் அணி தன் பிள்ளையை 40 பேருக்குள் சேர்த்துக் காத்துக்கொள்ள வேண்டும். சேர்க்காவிட்டால், டிசம்பரில் நடக்கும் தேர்வில் வேறு எந்த அணியும் 1,00,000 டாலர் கொடுத்து அவரை எடுத்துக்கொள்ளலாம்.

எடுக்கும் அணிக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்த பருவம் முழுவதும் அவரைத் தன் மேஜர் லீக் குழுவிலேயே வைத்திருக்க வேண்டும். மைனர் லீக்கிற்கு அனுப்ப எண்ணினால் முதலில் மற்ற அணிகளுக்கு அவரை எடுக்கும் வாய்ப்புத் தர வேண்டும். யாரும் எடுக்கவில்லையென்றால் பழைய அணிக்கே 50,000 டாலருக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். வசதி படைத்த அணிகள் திறமைசாலிகளைக் கீழ்ப்படிகளில் பூட்டிவைத்து, மேலே ஏறவும் விடாமல் வேறிடம் போகவும் விடாமல் வைத்திருப்பதைத் தடுக்கும் விதி இது.

தம்பி 2015-இல் 17 வயதில் ஒப்பந்தமானவர். 2019 நவம்பர் 20 அவருக்கான கெடு.

"அப்படியானால் திறமையான பிள்ளைகளை எல்லாம் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று மகன் கேட்டான். பெரியவர் குறிப்பேட்டை மூடிவிட்டு விரல்விட்டு எண்ணினார். அணி நிர்வாகம் தன்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் நான்கு என்றார். இவரை வேறு யாராவது எடுப்பார்களா? எடுத்தால் ஆண்டு முழுவதும் தங்கள் குழுவில் வைத்திருக்க அவர்களால் இயலுமா? இவரை இழந்தால் நமக்கு எவ்வளவு வலிக்கும்? இவரைச் சேர்க்க வேண்டுமானால் நாற்பதில் யாரை நீக்குவது?

யோசித்துப் பார்த்தால், இந்த நான்கில் எந்தக் கேள்வியும் திறமையை மட்டும் எடைபோடுவதாக இல்லை. கீழ்ப்படியில் ஆடும் இருபது வயதுப் பையன் ஒருவன் எதிர்காலத்தில் பெரும் மட்டையாளராக வரக்கூடும். ஆயினும் அவனை மேஜர் லீக்கில் ஓராண்டு முழுக்கச் சுமக்க எந்த அணியும் துணியாது என்று கணக்கிட்டு, அவனைக் காக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. அதே சமயம், மேற்படியில் ஆடும் சுமாரான பந்து எறிபவர் ஒருவரைக் காத்துக்கொள்ள நேரிடும். ஏனெனில் பந்து எறிபவரை ஆட்டத்தின் முடிவு உறுதியான பிறகு மட்டும் களத்தில் இறக்கி, ஓராண்டை எப்படியோ கடத்திவிடலாம். ஆகவே ஐந்தாம் விதித் தேர்வில் அதிகம் எடுக்கப்படுபவர்கள் பந்து எறிபவர்களே.

பட்டியலில் சேர்ப்பதற்கு விலையும் உண்டு. சேர்த்த பிறகு ஒருவரை மூன்று பருவங்களில் மட்டுமே மைனர் லீக்கிற்கு விருப்பம்போல் அனுப்பி அழைக்க முடியும். பக்குவப்படாதவரைச் சீக்கிரம் சேர்த்தால் அந்த மூன்று பருவங்களும் வீணாகும். இடம் இல்லையென்றால் வேறொருவரை நீக்க வேண்டும். நீக்கப்பட்டவரை மற்ற அணிகள் கொத்திக்கொண்டு போகலாம். எனவே நவம்பர் நெருங்கும்போது, காக்க இயலாத பிள்ளைகளைச் சில அணிகள் முன்கூட்டியே வேறு அணிகளுக்குக் கைமாற்றிவிடுகின்றன. 'காத்தல்' என்று அவர்கள் சொல்வது அணியின் உடைமையைத்தான். ஆனாலும் 2019-இல் அந்தப் பட்டியலில் ஏறிய பிள்ளைக்கு ஊதியம் பல மடங்கு உயர்ந்தது. ஆட்டக்காரர் சங்கத்தின் உறுப்பினராகும் வாய்ப்பும் அப்போது பட்டியலில் ஏறியவருக்கே கிடைத்தது. ஒரு வரியில் பெயர் ஏறுவதால் ஒரு குடும்பத்தின் நிலையே மாறும்.

அந்தக் கோடையில் தம்பியின் அறைச் சுவரில் ஒரே ஒரு படம் இருந்தது. ராபர்ட்டோ கிளமென்டேயின் படம். போர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்த அவர் 1954 பிப்ரவரியில் 19 வயதில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் ஒப்பந்தமானார். முன்பணம் 10,000 டாலர், ஊதியம் 5,000 டாலர். அக்காலத்தில், 4,000 டாலருக்கு மேல் முன்பணம் பெற்றவரை இரண்டு ஆண்டுகள் மேஜர் லீக்கில் வைத்திருக்க வேண்டும். இல்லையேல் தேர்வில் இழக்க நேரிடும். டாட்ஜர்ஸ் அவரை மான்ட்ரியலில் இருந்த தங்கள் மைனர் லீக் அணிக்கு அனுப்பியது. அங்கே அவர் 87 ஆட்டங்களில் மட்டுமே இறங்கினார். பிற அணிகளின் கண்ணில் படாமல் மறைக்கத்தான் அப்படிச் செய்தார்களா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. அந்த ஆண்டு கடைசி இடத்தில் முடித்த பிட்ஸ்பர்க் அணிக்குத்தான் தேர்வில் முதல் வாய்ப்பு. 1954 நவம்பர் 22 அன்று 4,000 டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டது.

அதன்பின் அவர் 18 பருவங்கள் பிட்ஸ்பர்க்கிற்காக ஆடினார். 3,000 முறை பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார். இரண்டு முறை உலகத் தொடரை வென்ற அணியில் இருந்தார். 1972 டிசம்பர் 23 அன்று நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் சிதைத்தது. பாதிக்கப்பட்டோருக்கான பொருள்களை ஏற்றிக்கொண்டு டிசம்பர் 31 இரவு புறப்பட்ட விமானத்தில் அவரும் ஏறினார். விமானம் கடலில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 38. தம்பியிடம் கிளமென்டேயைப் பற்றிக் கேட்டால் முதலில் அந்த விமானத்தைத்தான் சொல்வார். ஆட்டத்தைப் பிறகுதான் சொல்வார்.

காக்கப்படாமல் விடப்பட்டு உயர்ந்தவர்களின் வரிசை அவரோடு முடியவில்லை. வெனிசுவேலாவின் யோஹான் சான்டானாவை ஹூஸ்டன் அணி 1999-இல் பட்டியலுக்கு வெளியே விட்டது. அவர் மினசோட்டாவிடம் வந்து சேர்ந்தார். முதல் ஆண்டில் எதிரணிகள் அவரைத் துவைத்து எடுத்தன. ஆனாலும் மினசோட்டா அவரை விடவில்லை. 2004-லும் 2006-லும் சிறந்த பந்து எறிபவருக்கான சை யங் விருது அவருக்குக் கிடைத்தது. தம்பியின் நாட்டவரான ஹோசே பாட்டிஸ்டாவை 2003-இல் காக்காமல் விட்டது, கிளமென்டேயை அன்று கண்டெடுத்த அதே பிட்ஸ்பர்க். அந்த ஒரே தேர்வில் அது ஐந்து பேரை இழந்தது. பாட்டிஸ்டா அடுத்த ஓராண்டுக்குள் ஐந்து அணிகளைக் கண்டார். 2010-இல் டொரான்டோ அணிக்காக 54 ஹோம் ரன்கள் அடித்தார்.

இந்தக் கதைகளையெல்லாம் நாங்கள் ஆவலோடு சேகரித்தோம். கதைகள் சேரச் சேர எங்கள் நம்பிக்கை பெருகியது. எங்கள் பிழையும் அங்கேதான் முளைத்தது.

செப்டம்பர் தொடக்கத்தில் பருவம் முடிந்தது. தம்பி பெட்டி கட்டிக்கொண்டிருந்த இரவில் அவருடைய தாயார் காணொலியில் அழைத்தார். பள்ளியில் ஸ்பானிய மொழி கற்கும் எங்கள் மகள்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். நலம் விசாரித்து, நன்றி சொல்லி முடித்த பிறகு, அந்தத் தாய் சற்றுக் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார்.

"உம்மா, காக்கா பேரைப் பட்டியல்ல சேர்ப்பாங்களான்னு கேக்குறாங்க" என்றாள் மகள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெரியவரின் நான்கு கேள்விகளும் எங்களுக்குத் தெரியும். தம்பி நடக்கவிட்டவர்களின் எண்ணிக்கையும் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வேறெதுவும் சொல்ல வாய் வரவில்லை.

"நிச்சயம் சேர்ப்பார்கள், இன்ஷா அல்லாஹ்" என்றோம்.

மகள் தயங்கினாள். "நிச்சயம்னே சொல்லட்டுமா?"

"ஆமாம், நிச்சயம் என்றே சொல்."

அவள் சொன்னாள். அந்தத் தாய் கண்களைத் துடைத்துக்கொண்டு "ஒஹலா" என்றார். ஸ்பானியர்கள் 'அப்படியே ஆகட்டும், இறைவன் நாடினால்' என்ற பொருளில் சொல்லும் சொல் அது. அந்தலூசியாவில் பேசப்பட்ட அரபு மொழியிலிருந்து ஸ்பானியத்திற்குள் வந்த சொல் என்று பின்னர் மகள் கூறினாள். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நாங்கள் இறைவனின் நாட்டத்தை வாயால் சொன்னோம். அதற்கு முன்னால் 'நிச்சயம்' என்ற எங்கள் சொல்லை வைத்தோம். அந்தத் தாயோ எங்கள் 'நிச்சயத்தை' வாங்கிக்கொண்டு 'ஒஹலா'வாகத் திருப்பித் தந்தார்.

நவம்பர் 20 அன்று மாலை நாங்கள் நால்வரும் கணினியின் முன் அமர்ந்திருந்தோம். அணி நான்கு பெயர்களை அறிவித்தது. இரண்டு முறை படித்தோம். தம்பியின் பெயர் இல்லை. மகன் எழுந்து கீழ்த்தளத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

உடனே அழைத்திருக்க வேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. நாளை பேசலாம் என்றோம். மறுநாள், இன்னும் ஒரு நாள் போகட்டும், அவர் மனம் ஆறட்டும் என்றோம். உண்மையில் ஆற வேண்டியிருந்தது எங்கள் வெட்கம். இப்படி நான்கு நாட்கள் கழிந்தன. ஐந்தாம் நாள் காலையில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "மாமி, பாப்பி, வீட்டில் அனைவரும் நலமா? உங்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கவலையாக இருக்கிறது."

டிசம்பர் 12 அன்று நடந்த தேர்வில் வேறு எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அவருடைய அணி சரியாகவே கணக்கிட்டிருந்தது. அதன் பிறகுதான் மற்றொன்று எங்களுக்குத் தெரியவந்தது. அக்டோபர் மாதத்தில் அவருடைய தாயார் வீட்டின் தகரக் கூரையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் கூரை போடுவதற்காகக் கடன் வாங்கியிருந்தார். அமெரிக்காவில் மகன் தங்கிய வீட்டாரே உறுதியாகச் சொல்லிவிட்டார்கள் என்பது அவர் அக்கம்பக்கத்தாரிடம் சொன்ன காரணம். நாங்கள் பணம் அனுப்ப முன்வந்தோம். "நீங்கள் ஐந்து மாதம் எனக்குச் சோறு போட்டிருக்கிறீர்கள், போதும்" என்று தம்பி மறுத்துவிட்டார்.

2020 மார்ச் மாதம் பயிற்சி முகாமிற்கு ஃபுளோரிடா வந்தார். கொரோனா பரவியதால் சில நாட்களில் முகாம் மூடப்பட்டு ஊர் திரும்பினார். மே மாத இறுதியில் மைனர் லீக் பிள்ளைகள் பலரை அணிகள் விடுவித்தன. தம்பியும் அவர்களில் ஒருவர். ஜூன் 30 அன்று அவ்வாண்டின் மைனர் லீக் பருவமே முழுவதுமாக ரத்து செய்யப்பட்டது. 2021-இல் மேஜர் லீக்கோடு இணைந்த மைனர் லீக் அணிகளின் எண்ணிக்கையையும் 120 ஆகக் குறைத்துவிட்டார்கள். படிகள் குறைந்தபின் மீண்டும் ஏற இடம் கிடைக்கவில்லை. இப்போது அவர் தம் ஊரில் சிறுவர்களுக்குப் பந்து எறியக் கற்றுக்கொடுக்கிறார்.

அந்த 'நிச்சயம்' எங்கள் தொண்டையில் முள்ளாகத் தங்கிவிட்டது. 2022 நவம்பரில் ஒரு நாள் அவரை அழைத்தோம். மகளும் அருகில் இருந்தாள். நாங்கள் அறியாத ஒன்றை அறிந்தவர்கள்போல் உங்கள் தாயாரிடம் சொன்னோம், அதனால் உங்கள் குடும்பம் கடன்பட்டது, எங்களை மன்னியுங்கள் என்றோம்.

சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "மாமி, நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆசைப்பட்டதைச் சொன்னீர்கள். கடன் வாங்கியது நாங்கள். கூரையும் இந்த ஆண்டு போட்டு முடித்துவிட்டோம். அது எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த நான்கு நாட்கள் இருக்கின்றனவே... பட்டியலில் பெயர் இல்லாததால் உங்கள் வீட்டிலும் எனக்கு இடம் போய்விட்டதோ என்று நினைத்தேன்."

நாங்கள் எதற்காக மன்னிப்புக் கேட்டோமோ அது அவரை வதைத்திருக்கவில்லை. நாங்கள் மறந்துபோன ஒன்றுதான் வதைத்திருக்கிறது. நாற்பது பேருக்குமேல் இடமில்லை என்பது அணிக்குரிய விதி. அதில் அநீதி என்று ஒன்றும் இல்லை. தம்பியைச் சேர்த்திருந்தால் வேறொரு தாயின் மகன் வெளியே போயிருப்பான். ஆனால் எங்கள் வீட்டிற்கு அப்படி எந்தப் பட்டியலும் கிடையாது. இல்லாத பட்டியலை எங்கள் மௌனத்தால் நாங்களே உண்டாக்கிவிட்டோம்.

இதை ஏன் இங்கே எழுதுகிறோம் என்றால், நம் வீடுகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பட்டியலுக்காகக் காத்திருக்கும் பிள்ளை ஒருவர் இருக்கிறார். கல்லூரி இடமோ, வேலையோ, விசாவோ, பெண்பார்த்துவிட்டுப் போனவர்களின் பதிலோ, ஏதோ ஒன்று. அன்பின் மிகுதியால் "உனக்கு நிச்சயம் கிடைக்கும்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அது நம் கையில் இல்லாத பொருள். கையில் இல்லாததை வாக்களிக்க நமக்கு உரிமை இல்லை. "என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாது. எது ஆனாலும் அன்றிரவு உன்னோடு அமர்ந்து சாப்பிடுவோம்" என்று சொல்லலாம். அது நம் கையில் இருப்பது. பட்டியல் வெளியாகும் நாளில் பெயர் இல்லாதவருக்கு யாரும் தொலைபேசியில் அழைப்பதில்லை. அந்த அழைப்பு நம்முடையதாக இருக்கட்டும்.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் அணிகள் பட்டியலை அறிவிக்கும் மாலையில் நாங்கள் தம்பியை அழைக்கிறோம். அவர் பயிற்சி கொடுத்த சிறுவர்களில் சிலர் இப்போது ஒப்பந்தமாகி அடிப்படியில் ஏறத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய கெடு எந்த ஆண்டு வரும் என்பதை அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். அவர்களின் தாய்மார்கள் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்கிறார்களாம்.

"என்ன பதில் சொல்கிறீர்கள்?" என்று சென்ற முறை கேட்டோம்.

"ஒஹலா என்று மட்டும் சொல்வேன், மாமி. பிறகு அந்த நாள் மாலையில் அவர்கள் வீட்டிற்குப் போய் உட்கார்ந்துகொள்வேன்" என்றார்.